நம்பகமான மூலங்களிலிருந்து கணினிக் கொள்முதல்

நம்பகமான மூலங்களிலிருந்து கணினிக் கொள்முதல் என்பது, ஒரு தொழில் நிறுவனம் தனக்குத் தேவையான கணினிகள், வலையமைப்புக் கருவிகள், தரவுச் சேமிப்பகங்கள், மென்பொருள் உரிமங்கள் ஆகியவற்றை, அவை எங்கே உருவாகி எவர் கை வழியாக வந்தன என்பதைச் சரிபார்க்கத்தக்க வகையில் வாங்குவதைக் குறிக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கிய ஒரு பொருள் போலியாக அமைந்தால் இழப்பு பெரும்பாலும் அப்பொருளின் விலையோடு நின்றுவிடும். தொழிலுக்கு வாங்கியது போலியாக அமைந்தால் பல ஆண்டுக் கணக்குகள், வாடிக்கையாளர் விவரங்கள், நோயாளர் பதிவுகள் போன்றவை அதனோடு சேர்ந்து போகக்கூடும். அவற்றின் மதிப்பு கருவியின் விலையைவிடப் பல மடங்கு மிகுதியாகும்.

"நல்ல நிறுவனத்தின் பொருள்" என்பதும் "நல்ல மூலத்திலிருந்து வந்த பொருள்" என்பதும் ஒன்றல்ல. போலி செய்பவர் எப்போதும் நல்ல நிறுவனத்தின் பெயரையே பயன்படுத்துவார். ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயர் எதையும் மெய்ப்பிப்பதில்லை.

மூலம் என்பதன் பொருள்

தயாரிப்பாளர், ஒரு நாட்டுக்கான விநியோகஸ்தர், அவரிடமிருந்து வாங்கி விற்கும் அங்கீகரிக்கப்பட்ட முகவர், இறுதியாக வாங்குநர் என ஒரு சங்கிலி உண்டு. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு விலைச்சீட்டும், பொருளின் தொடர் எண்ணும் பதிவாகின்றன. எங்கேனும் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், அதற்கு முன் நடந்தது எதையும் வாங்குநரால் அறிய இயலாது. பெரிய தயாரிப்பாளர்கள் தம் அங்கீகரிக்கப்பட்ட முகவர்களின் பட்டியலைத் தம் இணையத்தளத்தில் வெளியிடுகின்றனர். கடையின் சுவரில் மாட்டப்பட்ட சான்றிதழைக் காட்டிலும் அப்பட்டியலே சான்றாகக் கொள்ளத்தக்கது.

போலிப் பொருளையும் சாம்பல் சந்தைப் பொருளையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். சாம்பல் சந்தைப் பொருள் உண்மையான பொருளே ஆகும். ஆனால் அது வேறொரு நாட்டுக்கென அனுப்பப்பட்டு, தயாரிப்பாளரின் இசைவின்றி இங்கு வந்து சேர்ந்திருக்கும். பொருள் பழுதின்றி இயங்கும் வரை வேறுபாடு தெரியாது. பழுதாகும் நாளில், அந்தத் தொடர் எண்ணுக்கு இந்நாட்டில் உத்தரவாதம் இல்லை என்ற விடை கிடைக்கும்.

இணைய அங்காடிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. பக்கத்தின் தலைப்பில் இருப்பது அங்காடியின் பெயர். பொருளை விற்பவர் அந்த அங்காடியில் இடம்பிடித்த மூன்றாம் நபராக இருக்கலாம். விற்பவரின் பெயர் சிறிய எழுத்தில் கீழே காணப்படும். அங்காடி பெரியது என்பதால் விற்பவரும் பெரியவர் ஆகிவிடுவதில்லை.

போலி வன்பொருள்

போலி வன்பொருள் என்றவுடன் மட்டமான பகுதிகளால் புதிதாகச் செய்யப்பட்ட ஒரு பெட்டியே நினைவுக்கு வரும். நடைமுறையில் போலியின் பெரும்பகுதி உண்மைப் பொருளிலிருந்தே செய்யப்படுகிறது. இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு சிஸ்கோ நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்ட போலி வலையமைப்புக் கருவிகள் ஆகும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வணிகர், நியூ செர்சியிலும் புளோரிடாவிலும் குறைந்தது 19 நிறுவனங்களைத் தொடங்கி, அமேசானில் ஏறத்தாழ 15 கடைகளையும் ஈபேயில் குறைந்தது 10 கடைகளையும் நடத்திவந்தார். சீனாவிலும் ஆங்காங்கிலும் இருந்து அவருக்குக் கருவிகள் வந்தன. பழைய, குறைந்த தர மாதிரிகளை எடுத்து, அவற்றில் சில ஏற்கனவே பயன்படுத்தித் தள்ளப்பட்டவை, உரிமமற்ற மென்பொருளையும் கூடுதல் சில்லுகளையும் பொருத்தி, புதிய விலையுயர்ந்த மாதிரிகளைப் போல மாற்றியிருந்தனர். பெட்டி, ஒட்டுத்தாள், கையேடு அனைத்தும் போலியாக அச்சிடப்பட்டன. 2014 முதல் 2022 வரை ஏறத்தாழ 180 சரக்குகளைச் சுங்கத்துறை கைப்பற்றியது. சிஸ்கோ நிறுவனம் ஏழு முறை எச்சரிக்கை மடல் அனுப்பியது. அதன் பின்னரும் வணிகம் தொடர்ந்தது. இக்கருவிகள் மருத்துவமனைகள், பள்ளிகள், அரசுத் துறைகள், இராணுவம் வரை சென்று சேர்ந்தன. 2024 மே மாதம் அவ்வணிகருக்கு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வாங்கியவர்களுள் பலர் கவனமற்றவர்கள் அல்லர். கொள்முதல் விதிகள், ஒப்பந்தப்புள்ளி முறை எல்லாம் கொண்ட அமைப்புகளும் அவர்களுள் இருந்தன. மிகக் குறைந்த விலை குறிப்பிட்டவருக்கே ஒப்பந்தம் என்னும் விதி, மூலத்தைச் சரிபார்க்கும் விதி இன்றித் தனியே செயல்படும்போது, போலி விற்பவருக்கே உதவுகிறது.

இத்தகைய கருவி வெளிப்படும் விதமும் கவனிக்கத்தக்கது. 2019இல் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் இற்றைப்படுத்தலுக்குப் பின் சில சுவிட்சுகள் இயங்க மறுத்தன. அவற்றை ஆராய்ந்த எஃப்-செக்யூர் நிறுவனம் 2020 சூலையில் அறிக்கை வெளியிட்டது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வகையின் போலிகளான அவை, தொடக்கத்தின்போது மென்பொருளின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் காப்பு முறையை ஏமாற்றும் வகையில் அமைந்திருந்தன. உளவு பார்க்கும் புறவாயில் எதுவும் அவற்றில் காணப்படவில்லை. பணம் ஈட்டுவதே நோக்கம் என்று அறிக்கை முடிவு செய்தது. எனினும் காப்பு முறை உடைக்கப்பட்ட கருவியில் பின்னர் வேறொருவர் எதையும் ஏற்றலாம். மேலும், இற்றைப்படுத்தினால் நின்றுவிடும், இற்றைப்படுத்தாவிட்டால் பாதுகாப்பு ஓட்டை திறந்தே கிடக்கும் என்ற நிலையில் வாங்கியவர் சிக்கிக்கொள்கிறார்.

போலி என்று அறியாமல் வாங்கியவருக்கும் விலக்கு இல்லை என்பதற்கு எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் செயல் ஓர் எடுத்துக்காட்டாகும். யூ.எஸ்.பி. இணைப்புக்கான அதன் சில்லுகள் உலகெங்கும் போலி செய்யப்பட்டன. 2014 அக்டோபரில் விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியே வந்த அந்நிறுவனத்தின் இயக்கி நிரல், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக மாற்றிச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. செயலிழந்த கருவிகளை வைத்திருந்தோரில் பெரும்பாலோர் தம் கருவிக்குள் எந்தச் சில்லு இருக்கிறது என்பதையே அறியாதவர்கள்.

சேமிப்பகங்கள்

வணிக நிறுவனத்துக்கு மிக அமைதியான இழப்பைத் தருவன போலிச் சேமிப்பகங்களே. விரலியிலும் நினைவட்டையிலும் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, தன் கொள்ளளவு இவ்வளவு என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி அதை அப்படியே நம்புகிறது. 32 கிகாபைட்டு மட்டுமே உள்ள ஒன்றை 1 டெராபைட்டு என்று சொல்லும்படி அச்சில்லை மாற்றியமைப்பது போலி செய்வோரின் வழக்கம். உண்மைக் கொள்ளளவைத் தாண்டியபின் எழுதப்படும் தரவு பழையதன் மேல் எழுதப்படும் அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். கோப்புகளின் பெயர்கள் பட்டியலில் ஒழுங்காகத் தெரியும்; திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. காப்புப்படி எடுத்து வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் இருந்த பின்னரே இது தெரியவரும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவச நிரல்கள் சேமிப்பகத்தை முழுவதும் எழுதி மீண்டும் படித்துப் பார்க்கின்றன. இச்சோதனை பல மணிநேரம் எடுக்கும். வாங்கிய அன்றே, முக்கியத் தரவு எதையும் ஏற்றுமுன், இதைச் செய்தல் வேண்டும்.

வன்தட்டுகளில் ஏமாற்று வேறு வகையானது. வன்தட்டு தான் இயங்கிய மொத்த மணிநேரத்தைத் தன்னுள் எண்ணி வைக்கிறது. இவ்வெண்ணைச் சுழியாக்கி, பழைய தட்டைப் புதியதாக விற்க முடியும். 2025 சனவரியில் செருமனியின் ஹைசே இதழ், புதியவை என விற்கப்பட்ட சீகேட் வன்தட்டுகள் பல்லாயிரம் மணிநேரம் ஓடியவை என்பதை வெளிப்படுத்தியது. சீகேட் தட்டுகளில் வழக்கமான எண்ணிக்கையன்றி ஃபார்ம் என்னும் மற்றொரு பதிவும் உண்டு. விற்றவர்கள் முதலாவதை மட்டும் அழித்திருந்தனர். இரண்டாவது உண்மையைச் சொல்லிவிட்டது. கட்டற்ற மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் அண்மைய பதிப்புகள் இப்பதிவைப் படிக்க வல்லவை.

புதுப்பிக்கப்பட்ட கணினிகள்

பழைய கணினி வாங்குவது தவறன்று. சிறு நிறுவனங்களுக்கு அது பெரும்பாலும் அறிவுடைய தெரிவே. ஆனால் பழையது என்று சொல்லி விற்கப்பட வேண்டும். விற்பவர் யாரிடமிருந்து வாங்கினார் என்பதும் தெரிய வேண்டும். பெருநிறுவனங்கள் தம் மடிக்கணினிகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தப் பதிவு செய்து வைப்பதுண்டு. அப்பதிவு நீக்கப்படாமல் கைமாறிய கணினி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருட்டுப் பொருளும் இவ்வாறே வெளிப்படுகிறது. ஆகவே விற்பவரின் முன்னிலையிலேயே இயங்குதளத்தை மீள நிறுவி இணையத்தில் இணைத்துப் பார்ப்பது நன்று.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூற்றையும், இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் வேண்டுகிறது. இவ்வரம்புக்குக் கீழுள்ள கணினிகள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோருக்கு இவை நல்ல பொருள். விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்போருக்கு அல்ல.

மென்பொருள் உரிமம்

மென்பொருளை வாங்குதல் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் வாங்கப்படுவது அதைப் பயன்படுத்தும் உரிமமே ஆகும். விண்டோஸ் போன்றவற்றில் உரிமம் பல வகைப்படும். கணினியுடன் சேர்ந்து வரும் உரிமம் அக்கணினிக்கு மட்டுமே உரியது. அது பழுதானால் உரிமமும் அதனுடன் முடிகிறது. தனியே விற்கப்படும் சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம். மொத்த உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் பல கணினிகளுக்காக வழங்கப்படுவது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் உரிம எண்களுள் பல, மொத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டவை. அவை இன்று ஏற்கப்படும். தயாரிப்பாளர் அவ்வெண்ணை முடக்கும் நாளில் அதை வைத்திருக்கும் அனைவருக்கும் ஒருசேர நின்றுவிடும். ஓர் எண்ணைப் பெற்றதனால் மட்டும் உரிமம் பெற்றதாகாது. யார் பெயருக்கு, எத்தனை கணினிக்கு என்று கூறும் ஆவணமும் விலைச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

பயன்படுத்திய உரிமத்தை மறுவிற்பனை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் 2012 சூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலவரையற்ற உரிமத்துடன் பதிவிறக்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்றும், விற்பவர் தன் படியைப் பயனற்றதாக்க வேண்டும் என்றும், பலருக்கான உரிமத்தைக் கூறுபோட்டு விற்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. இது அவ்வொன்றியத்துக்குரிய தீர்ப்பாகும். இணையக் கடைகள் சில இதை உலகெங்கும் செல்லும் இசைவாகக் காட்டுகின்றன, அது சரியன்று.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமை மீறிய நிரற்படியை அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வருவாய்க்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவர் எனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்துத் தண்டம் மட்டும் விதிக்கலாம். அதாவது சட்டம் வீட்டில் பயன்படுத்துபவரையும் கடையில் பயன்படுத்துபவரையும் ஒன்றாகக் கருதவில்லை.

சட்டத்தைவிட உடனடியான இடர் ஒன்றும் உண்டு. பூட்டு உடைக்கப்பட்ட கணக்கு மென்பொருளை நிறுவும்போது, "நச்சுநிரல் எதிர்ப்பியை நிறுத்தி வைக்கவும்" என்ற குறிப்பு பெரும்பாலும் உடன் வரும். நிறுவனத்தின் வங்கி விவரங்கள் உள்ள கணினியில், யாரென்று தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்காகக் காவலை நீக்குகிறோம் என்பதே அக்குறிப்பின் பொருள். விலை தடையாக இருக்குமெனில் லிப்ரெஆபிஸ், ஜினுகேஷ், இஆர்பிநெக்ஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவது எவர் உரிமையையும் மீறுவதன்று.

பதிவிறக்கம்

இலவச மென்பொருளுக்கும் மூலம் முக்கியம். 2015இல் சீனாவில் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருளை அதிகாரபூர்வ வழங்கியிலிருந்து பதிவிறக்க நெடுநேரம் ஆயிற்று. பொறுமையிழந்த நிரலாளர்கள் உள்நாட்டுக் கோப்புப் பகிர்வுத் தளமொன்றிலிருந்து அதைப் பெற்றனர். அப்படி மாற்றப்பட்டிருந்தது, அதைக் கொண்டு உருவாக்கப்பட்ட செயலிகள் அனைத்திலும் தீங்கு நிரல் தானே சேர்ந்தது. வீசாட் செயலியின் ஒரு பதிப்பும் அவற்றுள் அடங்கும். எக்ஸ்கோட்கோஸ்ட் என அழைக்கப்படும் இந்நிகழ்வில் தவறியது நிரலாளரின் திறமையன்று, அவர் பதிவிறக்கிய இடமே.

தேடுபொறியின் முதல் முடிவு பெரும்பாலும் விளம்பரமாகும். 2023 அக்டோபரில் கீபாஸ் என்னும் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளைத் தேடியோருக்கு, அதன் முகவரியைப் போலவே தோன்றும் போலி முகவரிக்கான விளம்பரம் காட்டப்பட்டது. முதல் எழுத்தின் கீழ் ஒரு சிறு குறி மட்டுமே வேறுபாடு. அங்கே கிடைத்த கோப்புக்கு மின்கையொப்பமும் இருந்தது. கையொப்பம் உண்டா என்று பார்ப்பது போதாது. யாருடைய கையொப்பம் என்று படிக்கவும் வேண்டும்.

பதிவிறக்கிய கோப்பு முழுமையானதா என்பதை அறிய எஸ்.எச்.ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்கள் வெளியிடப்படுகின்றன. இவை பழுதான பதிவிறக்கத்தைக் கண்டறிய உதவும். ஆனால் கோப்பும் எண்ணும் ஒரே தளத்தில் இருந்தால், தளத்தைக் கைப்பற்றியவர் இரண்டையும் மாற்றிவிடலாம். 2016 பெப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளம் ஊடுருவப்பட்டு, அதன் 17.3 சினமன் பதிப்பின் இணைப்பு புறவாயில் கொண்ட படிக்குத் திருப்பப்பட்டது. தனித் திறவியால் இடப்பட்ட கையொப்பத்தை ஊடுருவியவர் உருவாக்க இயலாது. டெபியன், உபுண்டு போன்றவற்றின் களஞ்சியங்கள் இம்முறையிலேயே இயங்குகின்றன. பயனர் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை என்பதே அவற்றின் பெருஞ்சிறப்பு.

மூலமே கெடுதல்

மேற்கூறிய அனைத்தையும் பின்பற்றியவரும் பாதிக்கப்பட்டதுண்டு. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் எம்.இ.டாக் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழங்கி ஊடுருவப்பட்டு, 2017 சூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் அழிவு நிரல் பரவியது. உரிய உரிமம் பெற்று ஒழுங்காக இற்றைப்படுத்தி வந்தவர்களே முதலில் பாதிக்கப்பட்டனர். மேர்சுக் கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் மீள நிறுவ நேர்ந்தது. அதன் பயனர் அடையாளங்களைக் காக்கும் முதன்மை வழங்கிகள் அனைத்தும் அழிந்தபோது, கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கு மின்தடை. மின்தடையை வாழ்த்தும் வாய்ப்பு கணினித் துறையில் அரிதாகவே அமைகிறது.

2020 திசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்வில், அந்நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்துடனேயே புறவாயில் கொண்ட இற்றைப்படுத்தல் வெளிவந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனம் கூறியது. லெனோவோ 2014இல் விற்ற சில மடிக்கணினிகளில் தானே நிறுவியிருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர நிரல், பாதுகாப்பான இணைய இணைப்புகளையும் இடைமறிக்க வழிவகுத்தது. இங்கே போலி எதுவும் இல்லை; தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த பொருள்.

இதனால் நம்பகமான மூலம் பயனற்றது என்று முடிவு செய்தல் பிழை. மூலம் தெரிந்திருந்தமையாலேயே இந்நிகழ்வுகளில் யாருக்கு என்ன பதிப்பு சென்றது என்பதைக் கண்டறிந்து அறிவிக்க முடிந்தது. உடைக்கப்பட்ட படியை வைத்திருப்பவருக்கு அவ்வறிவிப்பு வருவதில்லை. வலையமைப்போடு இணைக்காத காப்புப்படி ஒன்றைத் தனியே வைத்திருப்பது மேர்சுக் நிகழ்வு காட்டும் வழியாகும். அதற்கு மின்தடையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அரசு விதிகள்

தொலைத்தொடர்பில் இந்தக் கேள்வி நாட்டுப் பாதுகாப்பாகவும் பார்க்கப்படுகிறது. இந்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு 2020 திசம்பரில் ஒப்புதல் அளித்த தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு ஆணை, 2021 சூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சேவை நிறுவனங்கள் நம்பகமான மூலம் என அறிவிக்கப்பட்டோரிடமிருந்து, நம்பகமானவை என அறிவிக்கப்பட்ட கருவிகளையே தம் வலையமைப்பில் புதிதாக இணைக்கலாம். சிறு நிறுவனங்களை இவ்வாணை கட்டுப்படுத்தாது.

சிறு நிறுவனங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டமாகும். இத்திட்டத்தின் கீழ் மடிக்கணினி, அச்சுப்பொறி, மின்னேற்றி போன்றவை பதிவு செய்யப்பட்டே விற்கப்பட வேண்டும். பொருளின் மேல் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்க எண்ணும் காணப்படும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அவ்வெண்ணை இட்டால், எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கு அது வழங்கப்பட்டது என்பது தெரியும். மடிக்கணினியோடு வரும் மின்னேற்றி போலியாக மாற்றப்பட்டிருப்பதைக் கண்டறிய எளிய வழி இதுவே.

விலைச்சீட்டு

சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் ஒரே பொருளுக்குச் சீட்டுடன் ஒரு விலையும் சீட்டின்றி ஒரு விலையும் கூறப்படுவதுண்டு. சீட்டின்றி வாங்கும் தொழில் நிறுவனம், கொடுத்த சரக்கு சேவை வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறது. வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உத்தரவாதக் கோரிக்கைக்கும் உரிமைக்கும் சான்று இல்லாமல் போகிறது. சீட்டில் பொருளின் பெயர் மட்டுமன்றி மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் எழுதப்பட வேண்டும். பெட்டியில், கருவியின் அடியில், இயங்கும்போது திரையில் என மூன்று இடங்களிலும் தொடர் எண் ஒன்றாக இருத்தல் வேண்டும். போலி பெரும்பாலும் இம்மூன்றனுள் ஓரிடத்தில் தவறுகிறது. பணம் முழுவதையும் கொடுக்குமுன் தயாரிப்பாளரின் தளத்தில் அவ்வெண்ணை இட்டு உத்தரவாதக் காலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று வாங்கிய புதுப் பொருளுக்கு உத்தரவாதம் ஈராண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தால் விளக்கம் கேட்கப்பட வேண்டும்.

வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொதுவாக நுகர்வோர் ஆகார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு: தட்டச்சு நிலையம் நடத்தும் ஒருவர் தனக்கென வாங்கிய கணினிக்காக நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், இருபது பேர் பணிபுரியும் நிறுவனம் அணுக இயலாது. அந்நிறுவனத்துக்கு எஞ்சியிருப்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமுமே. சரக்கு அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு. விவரிப்பு என்ன என்பதை நீதிமன்றம் விலைச்சீட்டிலிருந்தே படிக்கும். "கணினி உதிரிபாகங்கள், 1 தொகுதி" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டில் போலிக்கும் உண்மைக்கும் வேறுபாடு காண வழியில்லை.